கண் சிமிட்டாத ஹவில்தாரின் மனைவி

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்று, ஆதாரில் திருத்தம், எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். வந்து நின்று, "இதெல்லாம் எதுக்குக் கேக்குறாங்க தேவகி?" என்று என்னையே கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நானா கேட்கிறேன்? கம்ப்யூட்டர் கேட்கிறது, நான் படித்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அன்னம்மாள் பெரியம்மாவும் அப்படித்தான் வந்தார். போன நவம்பரில் பத்தாம் தேதி இருக்கும். எழுபத்தொரு வயது, மெலிந்த உடம்பு. இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணில் வெள்ளையாகவே தெரிந்தது. அவருக்குப் பின்னால் அவர் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற ஹவில்தார். எழுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத மனிதர், சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். பார்த்தால் இவருக்கு ஒரு குறையும் இல்லை என்று தோன்றும். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. "இது எந்த ஸ்டேஷன்மா?" என்று கேட்டார்.

"திருத்தணிங்க."

"அரக்கோணம் தாண்டிட்டமா?"

நான் முழித்தேன். பெரியம்மா என் பக்கம் குனிந்து, "தாண்டிட்டோம்னு சொல்லுமா, வுட்டுடுவாரு" என்றார். மூன்று வருஷமாக இப்படித்தானாம். சாப்பிடும்போது ஒரு ஊர், குளிக்கும்போது ஒரு ஊர், பாதி நேரம் ரயிலில் போய்க்கொண்டிருப்பதாக நினைப்பு. சில நாள் மனைவியைத் தெரியும், சில நாள் தெரியாது. தெரியாத நாளில் அவரை "வாங்கம்மா, போங்கம்மா" என்று மரியாதையாகப் பேசுவாராம். "அதுவும் நல்லாதான் இருக்குது" என்று சொல்லிப் பெரியம்மா சிரித்தார்.

வந்த விஷயம் இதுதான். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். இவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தப் பென்ஷனில்தான். அதோடு இன்னொன்று. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ அட்டையில் பெரியம்மாவுக்கு டிசம்பரில் கண் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. பழைய அட்டை செல்லாது, புது அட்டை வேண்டும். புது அட்டைக்கு ஹவில்தாருடைய இந்த வருஷத்து உயிர்வாழ் சான்றிதழ் வேண்டும் என்று கவுன்ட்டரில் சொல்லிவிட்டார்களாம்.

"என் கண்ணுக்கும் அவரு உசுருக்கும் இன்னாமா சம்பந்தம்?" என்று பெரியம்மா கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ஆனால் அந்தக் கண் வேண்டும். வீட்டில் இரண்டு பேர்தான். அவருக்குக் காலையில் நான்கு மாத்திரை, சாயங்காலம் மூன்று. பெரியம்மா நிறத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார். ஐப்பசியில் ஒரு நாள் ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு முறை கொடுத்துவிட்டு, அவர் மயங்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். "எனக்குக் கண்ணு போனாக்கூட பரவால்ல தேவகி. என் கையாலயே அவர கொன்னுட்டேன்னா?" என்றார். அதைக் கேட்ட பிறகு வேலை முடியாது என்று எப்படிச் சொல்வது?

விண்ணப்பத்தில் பெயர் வேண்டுமே. "பெரிப்பா பேரு இன்னா பெரிம்மா?" என்றேன். பெரியம்மா பெயரை மட்டும் சொல்லவில்லை. "திருப்பதி சாமி பேரும்மா" என்றார்.

"திருப்பதி சாமிக்கு ஆயிரம் பேரு இருக்கே. கோவிந்தனா, சீனிவாசனா, இன்னான்னு அடிக்கிறது?"

ஐம்பத்து நான்கு வருஷத்தில் புருஷன் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லையாம், அவரிடம் குரலை உயர்த்திப் பேசினதும் இல்லையாம். கடைசியில் ஆதார் அட்டையைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டேன். வெங்கடேசன்.

முதல் நாள் கைரேகை. போன வருஷம் ஓசூரிலிருந்து மகள் அனுராதா வந்து அப்பாவின் ரேகையைப் பதித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்த வருஷம் கருவி ஏற்கவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, எண்ணெயையும் துடைத்து வைத்தோம். பொருந்தவில்லை என்றே வந்தது. வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து போகும், இது புதிதில்லை. ஆனால் பெரியம்மா கணவனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவரு கைதானேமா இது? வேற யார் கை?" என்று கேட்டபோது, எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் விசாரிக்கக் கிளம்பினோம். பேங்கில் கேட்டால், "எங்க கையில இல்லம்மா, மிலிட்டரி பென்ஷன்லாம் ஆன்லைன்ல போயிடுச்சு" என்றார்கள். உதவி எண்ணுக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, கடைசியில் இந்தியில் பாட்டு. ஒருவர் கடைசித் தேதி நவம்பர் முப்பது என்றார். இன்னொருவர், போன வருஷம் கொடுத்த தேதியிலிருந்து கணக்கு, இருபத்தெட்டு என்றார். மூன்றாமவர் நிதானமாக, இரண்டும் சரிதான் என்றார். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. அனுராதாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு லீவு இல்லை. "ஆன்லைன்தானே அக்கா, ரெண்டு நிமிஷம்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, பெரியம்மா எதிரில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

திருவள்ளூரில் அதற்கென்று ஆபீஸ் இருக்கிறதே, நேரில் கூட்டிக்கொண்டு போகலாமே என்பீர்கள். போயிருக்கிறார்கள். பஸ் கனகம்மாசத்திரத்தில் நின்றதும் மனிதர் சடாரென்று இறங்கிவிட்டார். லீவில் வந்திருப்பதாக நினைப்பு. அவர் பிறந்த கிராமம் அங்கிருந்து நடக்கிற தூரம். என்றைக்கோ விற்றுப்போன வீட்டு வாசலில் போய் நின்று கதவைத் தட்டி, "அம்மா, நான் வந்துட்டேன்" என்றாராம். அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், மோர் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பெரியம்மா அவரை பஸ் ஏற்றுவதில்லை.

மிச்சம் இருந்தது முகத்தைக் காட்டுகிற வழி. செல்போனில் ஒரு செயலி உண்டு. முதலில் அது, போனைப் பிடிக்கிறவள் யார் என்று பார்க்க, என் முகத்தைக் கேட்டது. காட்டினேன், கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினேன், பச்சை விழுந்தது. நான் உயிரோடிருப்பதை நம்பிவிட்டது. அடுத்தது அவர் முகம். போனை உயர்த்தினேன்.

போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவுதான். குதிகால் இரண்டும் சேர்ந்தன, முகவாய் உயர்ந்தது, கை இரண்டும் தொடையோடு ஒட்டின. கண் அகலத் திறந்து சுவரில் ஒரு புள்ளியில் நின்றது. கண்ணைச் சிமிட்டவும், கண்ணைச் சிமிட்டவும் என்று செயலி கெஞ்சியது. இமை அசையவில்லை. நேரம் முடிந்து திரை சிவந்தது. நான் போனை இறக்கினேன். உடனே படபடவென்று நாலைந்து தடவை சிமிட்டிக்கொண்டார்.

மறுபடி உயர்த்தினேன், மறுபடி கல்லாக நின்றார். இறக்கினேன், சிமிட்டினார். அன்றைக்கு ஒன்பது தடவை.

"சிமிட்டினாரா?" என்று பெரியம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டார். பக்கத்தில் நின்றும் அவருக்குத் தெரியவில்லை. இல்லை, இல்லை என்று சொல்லி எனக்கு வாய் வலித்தது.

மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும். விசிறியால் வீசிப் பார்த்தேன். வெங்காயம் நறுக்கி மூக்குக்குக் கீழே பிடித்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்ததே ஒழிய இமை மூடவில்லை. எதிரில் நான் சிமிட்டிக் காட்டினேன். ரோட்டில் போன ஒருவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாதி நாள் சர்வர் வேலை செய்யாது. அந்த நேரங்களில் பெரியம்மா பேசிக்கொண்டிருப்பார். அவர் அம்மையார்குப்பத்துப் பெண், தறி ஓடுகிற வீடு. எழுபதாம் வருஷம் கல்யாணம். நாற்பதாவது நாள் புருஷன் லீவு முடிந்து வண்டி ஏறிவிட்டார். மாதம் ஒரு கடிதம் வரும். எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டை வந்தபோது கடிதம் நின்றது. கார்த்திகை இல்லை, மார்கழி இல்லை, தை பிறந்தும் இல்லை. தபால்காரர் தெரு முனையிலேயே கையை விரித்துவிட்டுப் போவார்.

"எங்க மாமியா ஒரு வார்த்தை தப்பா சொல்லலமா. கண்ணாடி வளையல் ஒண்ணொண்ணா ஒடையுமில்ல? முன்னல்லாம் உடனே வாங்கிக் குடுப்பாங்க. அப்போ மட்டும், பொறு, பாக்கலாம்னாங்க. ஒரு டஜன் இருந்தது, நாலுக்கு வந்துடுச்சு. தண்ணி சேந்தும்போதுகூட கைய தூக்கிப் புடிச்சிகினு சேந்துவேன்."

தைக் கடைசியில் கனகம்மாசத்திரத்து ஆள் ஒருவர் சைக்கிளில் வந்திருக்கிறார். அவரும் பட்டாளத்துக்காரர், லீவில் வந்தவர். உங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார், கையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், எழுத முடியவில்லை, சொல்லச் சொன்னார் என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதம் இல்லையா என்று இவர் கேட்டதற்கு, வாயால்தான் சொல்லி அனுப்பினார் என்றாராம். "நம்புறதா வேணாமா? எனக்கு இன்னா தெரியும்? அவரு நேரா வந்து நிக்கிற வரைக்கும் ரெண்டு மாசம் அந்த நாலு வளையல பாத்துகினே இருந்தேன்" என்றார். நான் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஜபல்பூரில் மூன்று வருஷம் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸ். ஜன்னலுக்கு வெளியே பரேடு மைதானம். காலையில் இவர் சப்பாத்தி போடும்போது அங்கே அதிகாரி கத்துவார். இந்தி தெரியாது. ஆனால் எந்தச் சத்தத்துக்கு எல்லோரும் விறைப்பார்கள், எந்தச் சத்தத்துக்குத் தளர்வார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்து மனப்பாடம் ஆகிவிட்டதாம். "மாவு பெசையற கையும் அந்தச் சத்தத்துக்கு நின்னுடும்" என்று சொல்லிச் சிரித்தார். அப்போது நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இருபத்தெட்டாம் தேதி வந்தது. மத்தியானம் சர்வர் உயிர் பெற்றது. நான் போனை உயர்த்த, அவர் விறைக்க, திரை சிவக்க, பழைய கதைதான். ஏழாவது தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பெரிப்பா, ஒரே ஒரு தடவை கண்ண மூடித் தெறங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவர் சுவரிலிருந்து பார்வையை எடுக்காமல், "ஐடி கார்டு போட்டோம்மா இது. கண்ணு மூடினா ஃபிலிம் வேஸ்ட்டு. பின்னாடி அம்பது பேரு நிக்கிறான்" என்றார்.

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. பெரியம்மா பக்கம் திரும்பி, "இவரு செத்துட்டாருன்னா ஒரே பேப்பர், உடனே நம்பிடுவாங்க. உசுரோட இருக்காருன்னாதான் ஒருத்தனும் நம்ப மாட்டேன்றான்" என்று கத்திவிட்டேன்.

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெரியம்மா கையில் இருந்த பிளாஸ்டிக் கவரை மேஜை மேல் வைத்தார். அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"கதவ சாத்துமா" என்றார்.

"எதுக்கு பெரிம்மா?"

"சாத்து. யாராவது பாத்துத் தொலைக்கப் போறாங்க. வெக்கமா இருக்குது."

ஒன்றும் புரியாமல் கதவைச் சாத்தினேன். போனை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். ஹவில்தார் வழக்கம்போல் விறைத்து நின்றார். பெரியம்மா எனக்குப் பின்னால் வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகை நிமிர்த்தினார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். அப்புறம் அந்த ஜபல்பூர் அதிகாரி மாதிரி ஒரு குரல் வந்தது பாருங்கள், அது அந்த உடம்பிலிருந்துதான் வந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

"விஷ்ராம்."

ஹவில்தாரின் இடது கால் விலகி ஊன்றியது. கைகள் பின்னால் போயின. கண் அப்படியே இருந்தது.

"ஆராம் சே."

தோள் இறங்கியது. மூச்சு பெரிதாக வெளியே வந்தது. அவர் கண்ணை மெதுவாக மூடித் திறந்தார். திரை பச்சையானது.

"ஆயிடுச்சு பெரிம்மா, எடுத்துகிச்சு, எடுத்துகிச்சு" என்றேன். பெரியம்மா அதைக் காதில் வாங்கினாரா தெரியாது. புருஷனுக்கு உத்தரவு போட்ட கூச்சத்தில் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றார்.

ஆனால் ஹவில்தாருக்கு இன்னும் முடியவில்லை. குரல் வந்த திசைக்குத் திரும்பினார், பெரியம்மாவுக்கு நேர் எதிரில் வந்து நின்றார், சல்யூட் அடித்தார். மனைவி என்று தெரியவில்லை. உத்தரவு போட்டவர் மேலதிகாரி, அவ்வளவுதான் தெரிந்தது.

"சாப், ஒரு விண்ணப்பம்."

பெரியம்மா முந்தானையை விலக்கினார். என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? பிறகு அவரைப் பார்த்து, "ஆங், சொல்லு" என்றார். புருஷனை ஒருமையில் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"ஊருல என் சம்சாரம் இருக்கா சாப். அன்னம்மான்னு பேரு, சின்னப் பொண்ணு. கையில கட்டு போட்டுட்டாங்கோ, ரெண்டு மாசமா லெட்டர் எழுத முடியல. அவ இன்னா நெனச்சிகினு இருக்காளோ தெரியல. நம்ம ஊருப் பக்கம் லீவுல யாராவது போனா, நான் உசுரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க."

பெரியம்மா அவர் முகத்துக்கு அருகில் போய்ப் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ அந்தக் கண்ணுக்கு.

"சேதி போயிடுச்சுப்பா. அவ நல்லா இருக்கா. நீ போய் உக்காரு" என்றார்.

இத்தனை நாளாக நான் காட்டிய நாற்காலியில் ஹவில்தார் போய் உட்கார்ந்தார்.

நான் சான்றிதழை இறக்கி அச்சுக்குக் கொடுத்தேன். பிரிண்டரிலிருந்து தாள் வெளியே வந்தது. பெயர், எண், தேதி, அவருடைய முகம். பெரியம்மா வாங்கி, மூக்குக்கு அருகில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"உசுரோட இருக்காருன்னு இதுல எழுதியிருக்குதா?"

"எழுதியிருக்குது பெரிம்மா."

"ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு போதுமில்ல?"

"போதும்."

"அப்போ இன்னொண்ணு போடுமா. எனக்கு."

"உங்களுக்கு எதுக்கு பெரிம்மா? கம்ப்யூட்டர்லயே இருக்குமே."

"இருக்கட்டும். அந்த வாட்டி அவரு வாயாலதான் சொல்லி அனுப்பிச்சாரு. எழுத்துல ஒண்ணும் வரல."

நான் இன்னொரு பிரதி போட்டேன். அவர் அதை நாலாக மடித்து, ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு சேர்க்காமல், ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு புருஷன் கையைப் பிடித்து எழுப்பி, "வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

"நீங்க யாரும்மா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கூடப் போனார்.